யாருக்கும் சொந்தமில்லாத சட்டை

சின்னவள் தன் கையால் வெட்டித் தைத்த சட்டையை இனிமேல் சின்னவள் தைக்கக் கூடாது என்று ஒரு நோட்டீஸ் வந்தது. அனுப்பியது மருத்துவமனைகளுக்குத் துணிமணி தைத்துக் கொடுக்கும் ஒரு பெரிய கம்பெனி. அந்தச் சட்டையின் வடிவம் அவர்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதாம். வேறு யாரும் அதைத் தைப்பதும் விற்பதும் அவர்கள் உரிமையைப் பறிப்பதாம். உடனே நிறுத்தாவிட்டால் வழக்காம்.

அவள் நின்றபடி ஒருமுறை படித்தாள். உட்கார்ந்து ஒருமுறை படித்தாள். பிறகு, வெட்டு மேசையருகே கத்தரிக்கோலும் கையுமாக நின்றிருந்த கணவனிடம் நீட்டினாள். அவன் படித்து முடித்துவிட்டு, "வீடு மாறி வந்திருக்கும்" என்றான்.

"நம்ம அட்ரஸ்தானே போட்டிருக்கு?"

"அட்ரஸ் எல்லாம் சரிதான். யாருக்கு யார் அனுப்பணும்கிறதுதான் மாறிப்போச்சு. இது நாம அவங்களுக்கு அனுப்ப வேண்டியது."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சட்டை பிறந்தது அவளுடைய அக்காவுக்காக. அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் தடித்த ஊசிகளைக் குத்தி, ரத்தத்தை வெளியே இழுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் விடுவார்கள். குழாய் வழியாக ஊர் சுற்றிவிட்டு வரும் ரத்தம் உள்ளே வரும்போது குளிரையும் கூட்டிக்கொண்டு வரும். வார்டில் ஏசி வேறு. போர்வையால் இழுத்து மூடிக்கொள்ளவும் முடியாது. ஊசி குத்திய இடம் எப்போதும் நர்ஸின் கண்ணுக்குத் தெரிய வேண்டும், நழுவினால் ஆபத்து. அதனால் அக்கா உடம்பெல்லாம் போர்த்திக்கொண்டு, ஒரு கையை மட்டும் வெறுமையாக வெளியே நீட்டிப் பல் கிடுகிடுக்கப் படுத்திருப்பாள்.

"உரிச்ச கோழி மாதிரி கையை நீட்டிட்டுக் கிடக்கேன்டி" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தாடை நடுங்கியதில் சொற்கள் துண்டு துண்டாக விழுந்தன.

சின்னவள் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். கணவன் வெட்டுவான், அவள் தைப்பாள். அன்று வீட்டுக்கு வந்ததும் மெத்தென்ற ஃபிளானல் துணியை எடுத்து விரித்தாள். முதலில் தைத்ததில் கை வழியே ஜிப் வைத்தாள்; ஜிப்பின் பல் தோலில் பட்டுச் சில்லிட்டது, போதாததற்குக் குழாயிலும் மாட்டியது. அடுத்ததில் கையை மிகவும் அகலமாக வைத்தாள். அதற்குள் காற்று புகுந்து பலூன்போல ஆனது. அதையும் பிரித்தாள். கடைசியில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிரஸ் பட்டன்கள் வைத்து, ஊசி குத்தும் இடத்தில் மட்டும் ஜன்னல்போல ஒரு திறப்பு வைத்தாள். ஜன்னலின் துணியை மடித்து மேலே பட்டன் போட்டுக்கொள்ளலாம். ஊசி தெரியும்; மற்ற கை முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். அவசரத்தில் முழங்கைக்குக் கீழே ஒரு பட்டனை மட்டும் மாற்றி வைத்துவிட்டாள். மற்ற பட்டன்களில் குமிழ் இருந்த பக்கம் அதில் குழி இருந்தது. "பரவால்ல விடு, எது எந்த இடம்னு தடவியே கண்டுபிடிச்சிடுவேன்" என்றாள் அக்கா.

அடுத்து வார்டில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். பக்கத்துப் படுக்கைப் பெரியவர் கேட்டார், எதிர்ப் படுக்கைப் பெண் கேட்டாள். நர்ஸ் தன் மாமனாருக்குக் கேட்டாள். மருத்துவமனை வாசலில் இருந்த மருந்துக்கடைக்காரர் வாங்கி வைத்து விற்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து வேறு கடைக்காரர்களும் கேட்டார்கள். யார் விசாரித்தாலும் அக்கா "என் தங்கச்சி தைச்சது, என் தங்கச்சி தைச்சது" என்று சொல்லிச் சொல்லி, அதற்குத் தங்கச்சி சட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. சீருடைத் தையலை ஓரங்கட்டிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் முழுநேரமும் அதிலேயே இறங்கினார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த நோட்டீஸ் வரும் வரை.

வக்கீல் அம்மாவின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. அவருக்குத் தீராத ஜலதோஷம். எப்போதும் ஒரு கன்னத்தில் இருமல் மிட்டாய் ஒதுங்கியிருக்கும். கம்பெனிப் பெயர், பாட்டு, புத்தகம், டிசைன் என்று கையில் பிடிக்க முடியாத சொத்துகளுக்காக வாதாடுவதுதான் அவர் தொழில். சட்டையை வாங்கிப் பட்டன்களைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"நல்லா இருக்கே. நீங்க ஏன் இதைப் பதிவு பண்ணல?"

"வீட்டைப் பதிவு பண்ணுவாங்க, கல்யாணத்தைப் பதிவு பண்ணுவாங்க" என்றாள் சின்னவள். "சட்டையைப் பதிவு பண்ணணும்னு யாருங்க சொன்னாங்க?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. அதான் பிரச்சினையே." வக்கீல் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "சரி, அவங்க மனு போடுறதுக்கு முன்னாடியே இந்தச் சட்டை இருந்துச்சுன்னு காட்டணும். வீட்டுக்குள்ள இருந்துச்சுன்னா போதாது. வெளியில, நாலு பேர் பார்க்கிற மாதிரி. ஏதாவது இருக்கா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அக்கா வீடியோ!" என்றார்கள் ஒரே குரலில்.

முதல் சட்டையைப் போட்டுக்கொண்ட அன்றே அக்கா நர்ஸின் கையில் போனைக் கொடுத்து ஒரு வீடியோ எடுக்கச் சொல்லி, அதை ஊருக்கே தெரியும்படி போட்டிருந்தாள். டிவியில் மிக்சி விற்கிறவள் மாதிரி ஒவ்வொரு பட்டனாகத் திறந்து காட்டுவாள். ஜன்னலை மடித்துக் காட்டுவாள். "இது என் தங்கச்சி எனக்குன்னே தைச்சது. இப்ப வரட்டும் அந்தக் குளிர், பார்த்துக்கலாம்!" என்பாள். முன்பின் தெரியாதவர்கள்கூட அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள்.

வக்கீல் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். அது வெளியான தேதியையும் கம்பெனி மனுப் போட்ட தேதியையும் ஒத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"போதும். அவங்க பதிவு நிக்காது. பதிவுக்குக் கொண்டுவர்ற டிசைன் அன்னைக்குத் தேதிக்குப் புதுசா இருக்கணும். அதுக்கு முன்னாடி எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. இது பல மாசம் முன்னாடியே வெளியாயிடுச்சு. ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டுடலாம்."

சின்னவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அப்படியே எங்க பேர்ல பதிவு பண்ணிடுங்க மேடம்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அதுதான் முடியாது."

"ஏன்?"

"அதே காரணம்தான். புதுசா இருக்கணும். இந்த வீடியோ வந்த அன்னைக்கே இது புதுசு இல்லாமப் போயிடுச்சு. அவங்களுக்கும் புதுசு இல்ல, உங்களுக்கும் புதுசு இல்ல."

"நான் பண்ணினதை நானே வெளியில காட்டினா எனக்கே இல்லாமப் போயிடுமா?"

"நம்ம சட்டம் அப்படித்தான் சொல்லுது. சில நாட்டுல சொந்தக்காரங்களே காட்டிட்டாங்கன்னா கொஞ்ச காலம் அவகாசம் குடுப்பாங்க. இங்க அது கிடையாது."

"நான் பெத்த பிள்ளையைத் தூக்கி நாலு பேருக்குக் காட்டினா, அது என் பிள்ளை இல்லைன்னு ஆயிடுமா மேடம்?"

"பிள்ளைக்குச் சட்டம் வேறம்மா. சட்டைக்கு வேற."

அவர் வேண்டுமென்றே சொன்னாரா, வாயில் அப்படி வந்ததா தெரியவில்லை. கணவன் மட்டும் லேசாகச் சிரித்துவிட்டு, மனைவி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

மிச்சத்தையும் வக்கீல் விளக்கினார். ரத்தானால், சின்னவள் தைப்பதை யாரும் தடுக்க முடியாது. கம்பெனி தைப்பதையும் யாரும் தடுக்க முடியாது. யார் வேண்டுமானாலும் தைக்கலாம். தங்கச்சி சட்டை என்ற பெயரை மட்டும் வேண்டுமானால் வணிகக்குறியாகத் தனியே பதிவு செய்து பார்க்கலாம். "அப்புறம், வீடியோவைப் போட்டவங்க நேர்ல வந்து சொன்னா நல்லது. உங்க அக்காவால வர முடியுமா?"

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சின்னவளுக்கு யார் மீதாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது. கம்பெனி மீது கோபம் இருந்தது. ஆனால் கம்பெனிக்கு முகம் இல்லை. சட்டத்தின் மீது இருந்தது. அதற்குக் காது இல்லை. முகமும் காதும் உள்ள ஒரே ஆள் அக்கா. அவளோ குளிர் விட்ட சந்தோஷத்தில் தங்கையைப் பற்றி நாலு வார்த்தை பெருமையாகச் சொன்னவள். அவளிடம் போய் என்னவென்று கோபப்படுவது? இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது, சின்னவள் பஸ் கண்டக்டரிடம் எரிந்து விழுந்தாள். அவர் பாவம், வழியை விட்டு நில்லுங்கள் என்றுதான் சொன்னார்.

அக்காவிடம் விஷயத்தில் பாதியைத்தான் சொன்னாள். ஒரு கம்பெனி சட்டையைத் திருடிவிட்டது. அந்த வீடியோதான் ஆதாரம். அக்கா வந்து, ஆமாம், நான்தான் போட்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஊசியோடு படுத்திருந்த அக்கா எழுந்து உட்காரப் பார்த்தாள். நர்ஸ் அதட்டிப் படுக்க வைத்தாள்.

"பார்த்தியா? அன்னைக்கு வீடியோ எடுக்கும்போது, இதெல்லாம் எதுக்குன்னு உங்க அத்தான் கேட்டாரு. இப்ப சொல்லு அவர்கிட்ட! நான் மட்டும் எடுக்கலைன்னா உன் சட்டை போயிருக்கும்ல?"

"ம்."

"ஜெயிச்சா உன் பேர்லயே எழுதிக் குடுத்துடுவாங்களா?"

சின்னவள் போர்வையை இழுத்து அக்காவின் காலை மூடினாள். "முதல்ல ஜெயிப்போம்" என்றாள்.

ஜெயிப்பது அவ்வளவு லேசாக இல்லை. விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். அந்த நாளில் கம்பெனியின் வக்கீலுக்கு உடம்பு சரியிருக்காது. அடுத்த நாள் குறிப்பார்கள். விசாரிக்க வேண்டிய அதிகாரிக்கு மாற்றல் வந்திருக்கும். புது அதிகாரி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க அவகாசம் கேட்பார். இதற்கிடையில் கம்பெனி மருந்துக்கடைகளுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. வாசல் கடைக்காரர் மிச்சமிருந்த சட்டைகளை அட்டைப்பெட்டியில் கட்டித் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

"கேஸ் முடியட்டும்மா. எனக்கு எதுக்கு வம்பு? தப்பா எடுத்துக்காதீங்க."

சின்னவள் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஆனால் காப்பி கொடுத்துத்தான் அனுப்பினாள்.

கொஞ்ச நாளில் அதே கடையில் கம்பெனியின் சட்டை தொங்கியது. வழவழப்பான பிளாஸ்டிக் உறை. உறையின் மேல் ஒரு பெண் படுக்கையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வந்தாள். அதற்கே வயிறு எரிந்தது. வீட்டில் உறையைக் கிழித்து மேசைமேல் பரப்பினாள். துணி மெல்லிசு. தையல் நேர்த்தி. குறை சொல்ல முடியாத நேர்த்தி. கணவன் உறைப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"ஊசியே இல்லாத கையை வெச்சுக்கிட்டு எப்படிச் சிரிக்கிறா பாரு."

அப்போதுதான் சின்னவளின் விரல் முழங்கைக்குக் கீழே நின்றது. அந்த ஒரு பட்டனில் மட்டும் குமிழ் இருக்க வேண்டிய பக்கம் குழி இருந்தது. அவள் அடுத்தடுத்துத் தைத்த எல்லாச் சட்டைகளிலும் அதைத் திருத்திவிட்டாள். வீடியோவில் இருந்தது மட்டும் திருத்தாத பழைய சட்டை. கம்பெனியில் எவனோ அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பிழையையும் சேர்த்தே வரைந்திருக்கிறான்.

வக்கீலுக்குப் போன் போட்டு மூச்சிரைக்கச் சொன்னாள். வக்கீல் பொறுமையாகக் கேட்டார். "நல்ல விஷயம்தான். ஆனா நமக்கு அது தேவையே இல்ல. அவங்க காப்பியடிச்சாங்களா இல்லையாங்கிறது இந்த மனுவில கேள்வியே கிடையாது. முன்னாடியே வெளியாச்சா, அது மட்டும்தான் கேள்வி."

"திருடினான்னு நிரூபிக்கவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"எனக்கு வேணும் மேடம்!"

எதிர்முனையில் இருமல்தான் கேட்டது.

ஒருவழியாக விசாரணை நாள் வந்தது. நீதிமன்றம் மாதிரி உயரமான மேடை, கூண்டு என்றெல்லாம் சின்னவள் நினைத்திருந்தாள். அது சாதாரண அலுவலக அறை. நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் போடும் மின்விசிறி. மேசையின் தலைமாட்டில் அதிகாரி. ஒரு பக்கம் கம்பெனியின் மேலாளரும் அவர்களுடைய வக்கீலும். அந்த வக்கீல் சின்னப் பையன்போல இருந்தான். குரல் மட்டும் தேன்.

அக்கா தன்னிடம் இருந்ததிலேயே நல்ல உடையை உடுத்தி, தலையைப் படிய வாரி, லேசாகப் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது. நடையில் தள்ளாட்டம் இருந்தது. சின்னவளின் கணவன் கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனபோது தட்டிவிட்டாள்.

வக்கீல் அம்மா வீடியோவைத் திரையில் போட்டுக் காட்டினார். "இது நீங்க போட்டதா?" என்று கேட்டார்.

"நானேதான். எனக்கு எங்க தங்கச்சி தைச்சுக் குடுத்தது. மூணு தடவை பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சா. முதல்ல ஜிப் வெச்சா, அது சரியா வரல..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்" என்றார் அதிகாரி.

"அதான் சார் சொல்றேன்."

பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தான். மிகவும் மரியாதையாகப் பேசினான். "அம்மா, உடம்பு முடியாத நேரத்துல வந்திருக்கீங்க, ரொம்ப நன்றி. இந்த வீடியோவை நீங்க உங்க சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க மட்டும் பார்க்கிற மாதிரிதானே போட்டீங்க? குடும்பத்துக்குள்ள ஒரு சந்தோஷம், அவ்வளவுதானே?"

சின்னவளுக்கு அவன் எங்கே வருகிறான் என்று புரிந்தது. குடும்பத்துக்குள் மட்டும் என்று அக்கா சொல்லிவிட்டால், வெளியானதாகக் கணக்கில்லை. கம்பெனியின் பதிவு நிலைத்துவிடும்.

"இல்லையே" என்றாள் அக்கா. "எல்லாருக்கும்தான் போட்டேன். யார் வேணா பார்க்கலாம். எங்கெங்கேயோ இருக்கிறவங்க எல்லாம் பார்த்து, எங்க கிடைக்கும்னு கேட்டாங்க தெரியுமா?"

"தையல் எப்படின்னு தெரியாத அளவுக்குத் தூரத்துல இருந்து எடுத்தது, இல்லையா?"

"நல்லா கிட்டத்துல வெச்சுத்தான் எடுத்தோம். ஒவ்வொரு பட்டனா தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கேன் பாருங்க. அதைப் பார்த்தா யாரு வேணா தைச்சுடலாம்!"

கம்பெனி வக்கீல் மேலாளரைத் திரும்பிப் பார்த்தான். மேலாளர் தோளைக் குலுக்கினார். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அவன் குரலில் இருந்த தேன் வற்றிவிட்டது.

"அப்போ இதைக் குறிச்சுக்கணும்னு கேட்டுக்கிறேன் சார். இவங்களே சொல்றாங்க, அன்னையிலிருந்தே இந்த டிசைன் எல்லாருக்கும் பொது. எங்களுக்குச் சொந்தமில்லைன்னா இவங்க தங்கச்சிக்கும் சொந்தமில்ல. நாளைக்கு இவங்க தங்கச்சியும் இதை வெச்சு உரிமை கொண்டாட முடியாது."

"அது சரிதான்" என்றார் அதிகாரி எழுதிக்கொண்டே.

அக்கா தங்கையைப் பார்த்தாள். வக்கீல் அம்மா மறுத்துப் பேசுவார் என்று அவரைப் பார்த்தாள். அவர் மேசையில் இருந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மறுபடி தங்கையைப் பார்த்தாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே நடையில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் அக்கா உட்கார்ந்தாள். கணவன் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று நழுவினான்.

"நான்தான் கெடுத்தேனா?"

"நீ ஒண்ணும் கெடுக்கல."

"பொய் சொல்லாதடி. அவன் சொன்னது எனக்குப் புரிஞ்சுது. நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இது உன் பேர்ல இருந்திருக்கும்."

"நீ சும்மா இருந்திருந்தா எனக்குப் பதிவுன்னு ஒண்ணு இருக்கிறதே தெரிஞ்சிருக்காது. அவங்க கேட்பாரில்லாமலே எடுத்துட்டுப் போயிருப்பாங்க. நான் இப்பவும் சீருடைதான் தைச்சிட்டிருப்பேன்."

"ஏண்டி எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீ அழுவே."

"அழுதிருப்பேன். அழுதுட்டு வந்து இதையேதான் சொல்லியிருப்பேன். இவ்வளவு குஷியா சொல்லியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்." அக்கா கைக்குட்டையால் முகத்துப் பவுடரை அழுத்தித் துடைத்தாள். "பவுடர் எல்லாம் போட்டுட்டு வந்தேன், முட்டாள் மாதிரி."

சின்னவளுக்கு அங்கேயே உட்கார்ந்து கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த நடையில் யாரிடம் கத்துவது? கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கோப்பிலும் யாரோ ஒருத்தருடைய ஏதோ ஒன்று இருந்தது.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. கம்பெனியின் பதிவு ரத்து. வக்கீல் அம்மா வாழ்த்துச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் பழைய பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார், பக்கத்திலேயே கம்பெனியின் சட்டைகளும் தொங்கின. உத்தரவின் செய்தி பரவியதும் வேறு தையற்கூடங்களும் இறங்கின. ஒருத்தர் பூப்போட்ட துணியில் தைத்தார். இன்னொருத்தர் அதையே விலை குறைத்து விற்றார். தங்கச்சி சட்டை என்ற பெயருக்குப் போட்ட மனு எங்கேயோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஜெயிச்சுட்டோம்ல?" என்று கணவன் ஒருநாள் கேட்டான். கேலியாகக் கேட்டானா, நிஜமாகவே சந்தேகத்தில் கேட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வெட்டுற வேலையைப் பாரு" என்றாள்.

அந்த மழைக்காலத்தில் அக்காவின் கையில் டயாலிசிஸ் ஊசிக்கென்று ரத்தக்குழாயில் அமைத்திருந்த வழி அடைத்துக்கொண்டது. ஊசி குத்தினால் ரத்தம் வரவில்லை. புது வழி தயாராகும் வரை கழுத்துக்குக் கீழே, காறை எலும்பையொட்டி ஒரு குழாயைச் செருகி, அதன் வழியாக டயாலிசிஸ் செய்தார்கள். கை இப்போது போர்வைக்குள் போய்விட்டது. ஆனால் மார்பின் மேல்பக்கம் திறந்து கிடந்தது. கைத் திறப்புள்ள சட்டை எதற்கும் உதவவில்லை. குளிர் இந்த முறை நெஞ்சிலேயே நேராக இறங்கியது. அக்கா சிரிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

சின்னவள் மறுபடி துணியை விரித்தாள். கழுத்திலிருந்து சரிவாக ஒரு திறப்பு. அதன்மேல் இலைபோல மடியும் இரட்டைத் துணி. குழாய் மட்டும் வெளியே வரப் பக்கவாட்டில் ஒரு சின்ன வாய். சட்டையைக் கழற்றாமலே நர்ஸால் குழாயின் கட்டைப் பார்க்க முடியும். கணவனே தோளில் ரப்பர் குழாயை ஒட்டிக்கொண்டு, கட்டிலில் படுத்துப் புரண்டு காட்டினான். சரியாக வந்தது. இந்த முறை யாருக்கும் சொல்லவில்லை. நேராக வக்கீலுக்குப் போன் செய்தாள்.

"இது புதுசுதான், பதிவு பண்ணலாம்" என்றார் அவர். "எல்லாப் பக்கத்துலயும் படம் எடுத்து அனுப்புங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மனு போய்ச் சேர்ற வரைக்கும் இதை யாரும் பார்க்கக் கூடாது."

"அக்காவுக்கு நாளைக்கு டயாலிசிஸ் மேடம்."

"வார்டுல எத்தனை பேர் வந்து போறாங்க? அங்க போட்டா வெளியில காட்டின மாதிரிதான். கொஞ்சம் பொறுங்க."

பொறுப்பதற்கு வழியில்லாமல் எல்லாம் நடந்தது. படங்களில் நிழல் விழுகிறது என்று திரும்பி வந்தன. வெள்ளைத் துணி விரித்து மறுபடி எடுத்தார்கள். அளவு பெரிதாக இருக்கிறது என்று இணையதளம் விழுங்க மறுத்தது. சுருக்கி அனுப்பினால் தெளிவில்லை என்று துப்பியது. பிறகு இணையதளமே பராமரிப்புக்காகப் படுத்துவிட்டது. தைத்து முடித்த சட்டை வீட்டு அலமாரியில் மடித்துக் கிடந்தது. அதற்குரியவள் வார்டில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தடவையும் அக்கா அப்படி நடுங்கியதைப் பார்த்துவிட்டு வந்த அன்று, சின்னவள் அலமாரியைத் திறந்து சட்டையைப் பைக்குள் திணித்தாள். பதிவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று அடுத்த முறை வார்டுக்கே எடுத்துக்கொண்டு போனாள். படுக்கையோரம் குனிந்து, பையின் வாயை லேசாகத் திறந்து காட்டினாள். "போட்டுக்கோ."

அக்கா எட்டிப் பார்த்தாள். கண் ஒரு கணம் விரிந்தது. "பதிவு பண்ணிட்டியா?"

"இன்னும் இல்ல. அது கிடக்கட்டும், நீ போடு."

"எடுத்துட்டுப் போ."

"அக்கா, உனக்கு உதடெல்லாம் நீலமா இருக்கு."

"நீலமா இருந்தா இருக்கட்டும். ஒரு தடவை என்னால போச்சு. திரும்பவும் என் தலையில கட்டப் பாக்குறியா? பையை மூடுடி முதல்ல, நர்ஸ் வரா!"

"உனக்காகத்தானே தைச்சேன்!"

"அதனாலதான் சொல்றேன். நீ போய் அந்த ஆபீஸ்காரனை உலுக்கு. நான் இங்க நடுங்கிக்கிறேன், எனக்குப் பழக்கம்தான்."

பக்கத்துப் படுக்கைப் பெரியவர் தலையைத் திருப்பி என்னவென்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க, குடும்பச் சண்டை" என்றாள் அக்கா. பல் கிடுகிடுத்ததில் சண்டை என்ற சொல் இரண்டாக உடைந்தது. சின்னவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் கட்டிக்கொள்ள, வக்கீல் அலுவலகத்துக்கே நேராகப் போனாள். கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மனு போய்ச் சேரும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாள். வக்கீல் அம்மா ஒரு இருமல் மிட்டாயை அவளிடமும் நீட்டினார். இணையதளம் விழித்தது, தூங்கியது, மறுபடி விழித்தது. கீழே ஜெராக்ஸ் கடையை மூடும் நேரத்தில் மனு ஏற்றுக்கொள்ளப்பட்டதாகத் திரையில் எண் வந்தது.

அடுத்த டயாலிசிஸ் நாளில், எல்லோரும் பார்க்கும்படி சட்டையை உதறி விரித்து அக்காவுக்குப் போட்டுவிட்டாள். நர்ஸ் குழாயைப் பக்கவாட்டு வாய் வழியே வெளியே எடுத்து, இலைத்துணியை மடித்து மூடினாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு குளிருக்காகக் காத்திருந்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் சின்னவள்.

"கதகதன்னு இருக்கு." அக்கா கழுத்தை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். "ஆனா இங்க கழுத்துகிட்ட ஒரு விரற்கடை இறக்கினா இன்னும் நல்லா இருக்கும். இடிக்குது."

"இறக்கினா?"

"இறக்கினா நல்லா இருக்கும்னு சொல்றேன்."

"படத்துல இருக்கிற மாதிரியேதான் பதிவுக்குப் போயிருக்கு! இப்ப இறக்கினா திரும்ப மனுவா, வேண்டாமான்னு அந்த அம்மாகிட்டப் போய்க் கேட்கணும்!"

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? இடிக்குதே."

சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயை மூடிட்டுப் போட்டுக்கோ அக்கா. கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

"சரி, சரி" என்றாள் அக்கா. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "ஆனா இடிக்குதுடி."